புல்லக்கா கயிறு அவிழ்த்த கதை

அந்தப் பூங்காவில் புல்லக்காவுக்குப் பயப்படாதவை இரண்டுதான்: மழை ஒன்று, காக்கை ஒன்று. மற்றபடி, காலையில் நடக்க வரும் வக்கீலிலிருந்து பந்து விளையாட வரும் வாண்டுகள் வரை, அவள் விசில் சத்தம் கேட்டால் ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக நின்றுவிடுவார்கள். அந்தரத்தில் நிற்பது அநேகமாகப் புல்மேல் வைக்கப்போன காலாக இருக்கும்.

பத்தொன்பது வருஷமாகப் புல்தரை அவள் பொறுப்பு. வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கையில் கொடுத்தது என்னவோ துடைப்பம்தான். புல் வெட்டுகிறவர் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் லீவு போட்டார். மெஷின் சும்மா கிடக்கிறதே என்று இவள் ஒருநாள் யாரையும் கேட்காமல் அதன் கயிற்றை இழுத்துவிட்டாள். அன்று அவள் வெட்டிய லட்சணத்தில் மைதானம் எலி கடித்த தலை மாதிரி ஆகிவிட்டது. பூங்கா சூப்பிரண்டு வந்து பார்த்து, "கெடுத்தவளே சரி பண்ணு" என்றார். சரி பண்ணப் போனவள்தான், திரும்பி வரவேயில்லை. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது, வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் விட்டுவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் வெட்டுகிற திசையை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. புல்லிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அறுபது வயதுக்காரருக்கும் அவள் அக்கா, ஆறு வயதுப் பொடிசுக்கும் அக்கா. வீட்டுக்காரர் மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் முறை மாறிப்போகும்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். "கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்னு ஊர்ல சொல்லுவாங்க. எங்க வீட்ல புருஷனானாலும் புல்லுதான்" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் பொய் இல்லை. மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் குளத்தைச் சுற்றி, பாதையோடு பாதையாகத்தான் வருவார். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை குறுக்கே நடந்து வந்தவரைப் பார்த்து, சொந்தப் புருஷன் என்றும் பாராமல் விசில் அடித்துவிட்டாள். அன்றோடு சரி.

அவருக்குப் பாட்டு. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஏற்றுகிற வரைக்கும் வேன்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தின் பின்சுவர் நிழல்தான் வீடு. மற்றவர்கள் சீட்டாடினார்கள், தூங்கினார்கள். இவரும் இன்னும் இரண்டு பேரும் பாட்டுக் குழு ஆரம்பித்தார்கள். ஒருத்தர் கிட்டார். இன்னொருத்தர் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார். தாளம் பிசகாமல் இருக்க வேனின் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, அந்த டிக்-டக் சத்தத்துக்குப் பாடிப் பழகினார்கள். அதில் இரண்டு தடவை பேட்டரி இறங்கிப்போனதுதான் மிச்சம். குழுவுக்குப் பெயர் 'ரிவர்ஸ் கியர்'.

அவர் கட்டிய பாட்டுகளில் பேர்போனது 'ரெண்டே நிமிஷம்'. வேன் வந்து ஹாரன் அடித்ததும் ஒவ்வொரு வீட்டு அம்மாவும் ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் சீப்புமாக வாசலுக்கு வந்து, "ரெண்டே நிமிஷம் அண்ணா!" என்று கத்துவார்கள் இல்லையா, அதையே பல்லவி ஆக்கிவிட்டார். வேனில் வருகிற இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். கட்டின பெண்டாட்டி மட்டும்தான் அதை முழுசாகக் கேட்டதில்லை. வீட்டில் அவர் பாட ஆரம்பித்தால், இரண்டாவது சரணத்துக்குள் "கேஸை அணைச்சீங்களா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்துவிடும்.

அந்தப் பூங்காவில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடை இசை விழா. அனுமதி இலவசம், குடும்பத்தோடு வரலாம், பாயும் குடையும் அவரவர் கொண்டுவர வேண்டும். ஊருக்கெல்லாம் அது கொண்டாட்டம், புல்லக்காவுக்கு மட்டும் திண்டாட்டம். ஐந்தாயிரம் பேரின் பத்தாயிரம் கால்! போன வருஷம் விழா முடிந்த மறுநாள், மேடைக்கு முன்னால் இருந்த இடம் வழுக்கையாகிக் கிடந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சும்மா சொல்லவில்லை, மூக்கைச் சிந்தி அழுதாள்.

இந்த வருஷம் அந்த வழுக்கையை மூட, பாய்போலச் சுருட்டி வருகிற புல்லை வரவழைத்து விரித்திருந்தாள். விரித்து நாற்பது நாள். ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தால் இன்னும் தூக்கிக்கொண்டு வந்தது. வேர் முழுசாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். உடனே நாலு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்புக் கயிறு கட்டிவிட்டாள். இனி மேடைக்கு முன்னால் முப்பது அடிக்கு ஒரு குஞ்சு குளுவான்கூட உட்கார முடியாது.

அதே வாரத்தில்தான் வீட்டுக்காரருக்குக் கடிதம் வந்தது. மூன்று வருஷமாக விண்ணப்பம் போட்டுப் பதிலே வராத இடத்திலிருந்து பதில். விழாவில் முதல் நிகழ்ச்சி 'ரிவர்ஸ் கியர்', நாலு மணியிலிருந்து நாலு இருபது வரை. முதல் ஆள் என்றால் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஆள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் அலைந்தார்.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, அந்தக் கயிறை அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவிழ்த்து விடக்கூடாதா? பிள்ளைங்க முன்னாடி உட்கார்ந்தாத்தான் பாட்டு எடுபடும். எல்லாரும் எங்கேயோ தூரத்துல இருந்தா நான் யாரைப் பார்த்துப் பாடறது?"

"என் புல்லைப் பார்த்துப் பாடுங்க."

"விளையாடாத."

"நான் ஏன் விளையாடறேன்? உங்க பாட்டு இருபது நிமிஷம். என் புல்லு வருஷம் பூரா இருக்கணும். இப்பத்தான் வேர் விடுது."

"என் பாட்டும் இருபது வருஷமாத்தான் வேர் விடுது" என்றார் அவர். சொல்லிவிட்டுக் கை கழுவிக்கொண்டு வேனைக் கழுவப் போய்விட்டார்.

அவரிடம் இருக்கிற பெரிய தொல்லையே அதுதான். சண்டை போடுகிற புருஷனை எப்படியும் சமாளித்துவிடலாம், வேனைக் கழுவப் போகிற புருஷனை என்ன செய்வது? புல்லக்காவுக்கு மனசு சுருக்கென்றது. ஆனாலும் கயிறு விஷயத்தில் இறங்கி வர மனசு வரவில்லை. "ஒரு வருஷமாவது அந்த விழாவுக்கு ஒருத்தரும் வராம இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்று பாத்திரத்திடம் சொல்லிக்கொண்டாள்.

விழா நாள் வந்தது. மேற்கு வாசலை ஒலிபெருக்கி ஏற்றி வந்த லாரி அடைத்துக்கொண்டு நின்றதால், கிழக்கு வாசல் ஒன்றுதான் வழி. அங்கே புதுக் காவல்காரர். வேலைக்கு வந்து மூன்றே நாள். அதற்கு முன் முப்பது வருஷம் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். தியேட்டரை மூடிவிட்டார்கள். அவருக்குச் சூப்பிரண்டு கொடுத்திருந்த உத்தரவு ஒன்றுதான்: உள்ளே ஃபுல் ஆகிவிட்டால் யாரையும் விடாதே, நெரிசல் ஆகிவிடும். ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்திருந்தார்கள்.

மூன்றேகால் மணிக்குப் புல்லக்கா மேடைப் பக்கம் நின்று மைதானத்தை ஒரு பார்வை பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை. வழுக்கை கிடையாது, மஞ்சள் கிடையாது, பார்த்த இடமெல்லாம் பச்சை. அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா, வாசல்ல இருந்து பேசறேன். உள்ள புல்லா?"

இது என்ன கேள்வி என்று அவள் யோசிக்கவில்லை. பெருமை தலைக்கேறியிருந்த நேரம். "புல்லுதான்ணே! இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் புல்லு! ஒரு ஜாண் இடம் பாக்கியில்லை. நீங்களே வந்து பாருங்க, கண்ணு பட்டுடும்!"

"போதும்கா" என்றார் அவர். வாக்கிடாக்கி அணைந்தது.

நாலு மணிக்கு 'ரிவர்ஸ் கியர்' மேடை ஏறியது. மூன்று பேரும் ஒரே நிறத்தில் சட்டை. வீட்டுக்காரர் தலையை நன்றாகப் படிய வாரியிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். எதிரே சிவப்புக் கயிறு, அதற்குள் புல். கயிற்றுக்கு அப்பாலும் புல். ஈ, காக்காய் இல்லை. மைக் செட்காரர், ஐஸ்கிரீம் வண்டிக்காரர், சீக்கிரமே வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு மூன்று குடும்பம், அவருடைய தங்கை. எல்லாம் சேர்த்துப் பதினொரு பேர்.

புல்லக்காவுக்கு முதலில் குளுகுளுவென்றுதான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு கால் படாத புல், அதுவும் விழா நாளில்! ஆனால் அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து வாசல் பக்கம் பார்த்தபோது, அந்தக் குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை. அவர் யாரையோ தேடினார். வேன் பிள்ளைகளைத் தேடினார்.

பாட்டு ஆரம்பித்தது. சுருதி கொஞ்சம் கீழே போய்விட்டது. டிரம்காரர் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டினார், சீக்கிரம் முடித்துக்கொண்டு ஓடிவிடலாம் என்பதுபோல. முதல் பாட்டு முடிந்தபோது ஐஸ்கிரீம்காரர் மட்டும் கை தட்டினார். ஒற்றைக் கைத்தட்டலைப்போல மனசை உடைக்கிற சத்தம் வேறு இல்லை. 'என் வாயில சனி உட்கார்ந்திருந்தது. ஒருத்தரும் வரக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்' என்று புல்லக்கா தன் வாயிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் நாத்தனார் போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள். "அண்ணி, அண்ணன் வேன்ல வர்ற ஒரு பொண்ணோட அம்மா பேசறாங்க. எல்லாரும் வாசல்லதான் நிக்கறாங்களாம். உள்ள இடமில்லைன்னு போர்டு மாட்டி விரட்டறாங்களாம். பாதிப் பேரு திரும்பிப் போறாங்களாம்!"

புல்லக்கா வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள். "அண்ணே, யாரைக் கேட்டு வாசலைச் சாத்தினீங்க?"

"நீங்கதானேக்கா புல்லுன்னு சொன்னீங்க?"

"நான் எப்போ சொன்னேன்?"

"அந்த முனை வரைக்கும் புல்லு, ஒரு ஜாண் இடம் பாக்கியில்லைன்னு சொன்னீங்களே!"

"ஐயோ அண்ணே, நான் புல்லைச் சொன்னேன்!"

"நானும் புல்லைத்தானே சொல்றேன்?"

"அந்தப் புல்லு இல்லைண்ணே, இந்தப் புல்லு! பச்சைப் புல்லு! மாடு திங்கிற புல்லு!"

வாக்கிடாக்கி ஒரு தடவை கரகரத்தது. பிறகு, "அப்போ உள்ள ஆளு எத்தனை?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. "மேற்கு வாசலை லாரி அடைச்சது எனக்குத் தெரியாது, அது வழியா வந்து நிறைஞ்சிருப்பாங்கன்னு நினைச்சேன்கா..."

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. குளத்தைச் சுற்றிப் பாதையில் போனால் வாசலுக்குப் பத்து நிமிஷம். குறுக்கே ஓடினால் மூன்று. அவருக்குக் கொடுத்திருந்த இருபதில் எட்டு போய்விட்டது. புல்லக்கா குனிந்து சிவப்புக் கயிற்றுக்குள் நுழைந்து, நாற்பது நாள் புல்லின் மேலேயே ஓடினாள். காலுக்கடியில் ஓர் ஓரம் நழுவியது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் எள் போட்டால் எள் விழாது. கம்பிக் கதவில் 'இடம் நிறைந்தது' என்று சாக்பீஸில் எழுதிய பலகை. தியேட்டர் மூடின நாளிலிருந்து அப்படி ஒன்றை மாட்ட அந்த மனுஷனுக்குக் கை நமநமத்துக்கொண்டிருந்ததோ என்னவோ, எழுத்தெல்லாம் பூ வேலைப்பாடு. அதற்குக் கீழே பாய், குடை, தள்ளுவண்டியில் கைக்குழந்தை, சிணுங்குகிற பிள்ளைகள், சண்டைக்கு நிற்கும் அப்பாக்கள். அடுத்த நிகழ்ச்சிக்குப் பாட வேண்டிய பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டு டீச்சரும்கூட அங்கேதான் நின்றார்கள். பாட வந்தவர்களுக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டிருந்தார், கடமை தவறாத காவல்காரர்.

கதவைத் தள்ளித் திறந்து புல்லக்கா கத்தினாள். "எல்லாரும் உள்ள வாங்க! பாதையில சுத்தாதீங்க, நேரா புல்லு மேலேயே போங்க!"

ஒருத்தர்கூட அசையவில்லை. புல்லக்கா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா? வக்கீல் சந்தேகத்தோடு பார்த்தார். "அக்கா, புல்லுல விழுந்துச்சுன்னு போன மாசம் என் பேரனோட பந்தைப் பிடுங்கி வச்சீங்க. இன்னும் தரலை."

"நாளைக்குத் தர்றேன் சார். இப்ப ஓடுங்க, என் வீட்டுக்காரர் பாடறாரு!"

வேன் பிள்ளைகளில் முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. "மிதிச்சா விசில் அடிக்க மாட்டீங்களே?"

"அடிப்பேன்டி கண்ணு. இன்னைக்கு மிதிக்காதவங்களைப் பார்த்துதான் அடிப்பேன்" என்று சொல்லி விசிலை வாயில் வைத்து ஊதினாள். அவ்வளவுதான், கூட்டம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது.

மேடையில் இருந்த வீட்டுக்காரர் பிறகு சொன்னது இது: வாசலை மறைத்திருந்த மேட்டின் மேல் புல்லக்கா விசில் அடித்தபடி ஓடிவர, பின்னால் நூற்றுக்கணக்கில் ஆட்கள் வருவதைப் பார்த்ததும், யாரையோ விரட்டுகிறாள் போல என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். அப்புறம்தான் விரட்டுகிறவள் முன்னால் ஓட மாட்டாளே என்று உறைத்ததாம்.

சிவப்புக் கயிற்றின் முன் வந்ததும் பிரேக் போட்டமாதிரி எல்லோரும் நின்றுவிட்டார்கள். புல்லக்கா முடிச்சில் கை வைத்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். கயிறு கீழே விழுந்தது. அப்போதும் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. பத்தொன்பது வருஷப் பயம் ஒரு நிமிஷத்தில் போய்விடுமா? ஆகவே அவளே நடந்து போய், நடுப்புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டினாள்.

"வாங்க. உட்காருங்க. இங்கே வந்து உட்காருங்க கண்ணுங்களா."

முன்பல் இல்லாத பெண் முதலில் வந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை.

வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார். "எல்லாரும் லேட்டு. இன்னைக்கும் லேட்டு" என்றார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். அவர் 'ரெண்டே நிமிஷ'த்தை ஆரம்பித்தார். இருபத்திரண்டு வாயும் டிக்-டக், டிக்-டக் என்று இண்டிகேட்டர் தாளம் போட்டன. பல்லவி வந்ததும், இத்தனை வருஷம் வாசலில் நின்று கத்திய அம்மாக்களுக்கு விஷயம் புரிந்துபோய், சிரித்துக்கொண்டே, "ரெண்டே நிமிஷம் அண்ணா!" என்று சேர்ந்து பாடினார்கள். மைக் செட்காரர் கடிகாரத்தைக் காட்டி, இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரலைத் தூக்கினார். அதையும் பாட்டு என்று நினைத்துக் கூட்டம் மறுபடி கத்தியது. மூச்சு வாங்க வந்து சேர்ந்த பாட்டு டீச்சர், "பாடட்டும் சார், எங்க பிள்ளைங்க இன்னும் தண்ணிகூடக் குடிக்கலை" என்று சொல்லிவிட்டார்.

புல்லக்கா அந்தப் பாட்டை முதல் தடவையாக இரண்டாவது சரணம் தாண்டிக் கேட்டாள். மூன்றாவது, நாலாவது என்று போய்க் கடைசிச் சரணம் வந்தது.

*பூங்கா ஓரம் ஒருத்தி நிப்பா,*
*புல்லுக்கெல்லாம் காவல் நிப்பா.*
*அவ விசில் அடிச்சா வேனே நிக்கும்,*
*என் மனசு நின்னு வருஷமாச்சு.*

இது இன்று புதிதாகக் கட்டியது இல்லை. அவளைச் சுற்றியிருந்த பொடிசுகள் எல்லாம் அதை மனப்பாடமாகப் பாடின. ஊருக்கெல்லாம் தெரிந்த சரணம். அவள்தான் கேஸை அணைச்சீங்களா என்று கேட்டுக் கேட்டு, அது வருவதற்கு முன்பே அவரை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். புல்லக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே இடத்தில் போன வருஷம் அழுத அழுகை வேறு, இது வேறு. முன்பல் இல்லாத பெண் அவளை நிமிர்ந்து பார்த்து, "புல்லு செத்துப் போச்சா அக்கா?" என்று கேட்டது.

"இல்லடி கண்ணு. நல்லா இருக்கு."

பாட்டு முடிந்து, கைத்தட்டல் முடிந்து, டீச்சரின் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். வீட்டுக்காரர் படியிறங்கி வந்தார். புல்லக்கா நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், குளத்தைச் சுற்றிப் போகும் பாதையில் திரும்பினார். அந்தப் புல்லின் மேல் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இந்த மனுஷன் மட்டும் ஓரமாக நடந்து போகிறார்!

"என்னங்க!" என்று கூப்பிட்டாள். "எங்க போறீங்க? நேரா வாங்க."

அவர் நின்றார். புல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அடியாக, தூங்குகிற குழந்தையைத் தாண்டுகிறவர் மாதிரி நடந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெத்துனு இருக்கு" என்றார் அவர், உள்ளங்கையால் புல்லைத் தடவியபடி.

"மூணு பத்தை நழுவிடுச்சு. நாளைக்குத் திரும்பப் பதிக்கணும். நீங்க வந்து தண்ணி பிடிங்க, கோடை லீவுதானே."

"வர்றேன்."

அவள் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது. காவல்காரர்தான். "அக்கா, இன்னும் ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. உள்ள எப்படி? தயவுசெஞ்சு தெளிவாச் சொல்லிடுங்க. மாடு திங்கிற புல்லா, சினிமா புல்லா?"

புல்லக்கா எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். தலை, குடை, பாய், தோள்மேல் ஏறிய குழந்தைகள். தேடித் தேடிப் பார்த்தும் ஒரு பச்சைகூடக் கண்ணில் படவில்லை.

"சினிமாண்ணே" என்றாள்.